பிலிப்பைன்ஸ் பாடத்தில் நான் சொல்லாமல் விட்டது

தம்பி,

போன வியாழக்கிழமை, அரைநாள் வேலை முடிந்த கையோடு யான் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, முகம்கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தாய். "அப்பா, நெல் ஆராய்ச்சிப் படிப்புக்கு என்னை பிலிப்பைன்ஸுக்கு அனுப்பறதா சொல்றாங்க. நீங்க சரின்னா போறேன், வேணாம்னா விட்டுடறேன்" என்றாய். உனக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். விவசாய இலாகாவில் உன் கையெழுத்துக்காக ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவன், பள்ளிக்கூடப் பையன் லீவு கேட்பதுபோல் என்னிடம் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். கிழவனுக்கு மகனைப் பிரிய மனமில்லை என்று நினைத்திருப்பாய். காரணம் அது இல்லை. அந்த நாட்டின் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உன் அம்மாவுக்கும் தெரியும்.

உன் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் சொன்னால் பாதியிலேயே "விடுங்கப்பா, பழைய கதை" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ செய்த ஒரு தப்பால் சூசை மாமாவை நாடு கடத்தினார்கள் என்றும், அந்தத் தப்பு வெளியே தெரியாமல் மறைத்து உன் அப்பா உன்னைக் காப்பாற்றினார் என்றும் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த நம்பிக்கையில்தான் எனக்கு இவ்வளவு அடங்கி நடக்கிறாய். அது உண்மையில்லை, தம்பி. அன்றைக்கு நான் காப்பாற்றியது உன்னை அல்ல. நீ விமானம் ஏறுவதற்குள் இது உனக்குத் தெரிய வேண்டும். இதன் நகலைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். சூசையின் பெயர் கெட்டது ஊரறியக் கெட்டது, அதை நம் இரண்டு பேருக்குள் சரிசெய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் உன் அம்மா, "எழுதறதுன்னா நேரா எழுதுங்க, வாத்தியார் மாதிரி சுத்தி வளைக்காதீங்க" என்கிறாள். முடிந்தவரை பார்க்கிறேன்.

அப்போது உனக்கு ஏழு வயது. வெள்ளைக்கார ஆட்சியின் அவசரகாலம். ஜெராய் மலை அடிவாரத்தில், மெர்போக் பக்கம் நம் ரப்பர் தோட்டம். அதற்கு முன்பெல்லாம் வரிசை வீடுகளான லயங்கள் பால்மரங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று சர்க்கார் எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்தது. பால்வெட்டுக்குப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். பெரியவர்கள் எல்லாரும் படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். காட்டிலிருந்தவர்கள் அந்த அட்டைகளைத்தான் குறிவைத்தார்கள். பால்வெட்டுகிறவர்களை வழிமறித்துப் பிடுங்குவார்கள், கிழித்துப் போடுவார்கள், சிலவற்றை எடுத்துக்கொண்டு போவார்கள். ஆகவே, அட்டை இல்லாமல் ஒருவன் அகப்பட்டால் அதைக் காட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டான் என்றுதான் போலீஸ் முதலில் நினைக்கும்.

அந்த வேலிக்குள் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருவன்தான் வாத்தியார். அரசியல் வாசனையே வரக் கூடாது என்று துரை கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் சுங்கைப்பட்டாணி பாய் கடையில் கடலை மடிப்பதற்காகக் கிழித்துக்கொண்டிருந்த பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். மேலட்டை இல்லை, முதல் பக்கங்கள் ஏற்கெனவே கடலையோடு போய்விட்டன. ஸ்பெயின்காரர்கள் பிலிப்பைன்ஸை ஆண்ட சரித்திரம் அது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கப் படிக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. இங்கே நடப்பதை இங்கே வாயெடுத்துச் சொல்ல முடியாது. அங்கே எப்போதோ நடந்ததைச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? பெரிய தைரியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்தவன் நாட்டில் வைத்துக் காட்டிய தைரியம் அது.

பிள்ளைகளுக்குச் சொன்ன விதமாகவே இப்போதும் சொல்கிறேன், நீ போகப் போகிற நாடு அல்லவா. கடலுக்கு நடுவே எண்ணி முடியாத தீவுகள். அங்கிருந்தவர்கள் ஆற்றோரம் கொஞ்சம் வீடு, மலையோரம் கொஞ்சம் வீடு என்று தங்கள் தங்கள் தலைவர்களோடு வாழ்ந்தார்கள். கிராம்பு தேடி ஸ்பெயின் கப்பல்கள் வந்தன. முதலில் வந்த கப்பல் தலைவனை ஒரு தீவுக்காரர்கள் கடற்கரையிலேயே வெட்டிப் போட்டார்கள். ஆனாலும் கப்பல்கள் வருவது நிற்கவில்லை. சிலுவையோடும் துப்பாக்கியோடும் வந்து இறங்கி, தங்கள் ராஜாவின் பெயரையே எல்லாத் தீவுகளுக்கும் சேர்த்து வைத்துவிட்டார்கள். "அந்த ராஜா எப்ப சார் அங்க வந்தாரு?" என்று முதல் பெஞ்சிலிருந்து கேட்டவன் நீதான். வகுப்பில் என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவர் வரவே இல்லை, சாகும்வரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றேன். "வந்து பாக்காத எடம் அவருக்கு எப்படி சார் சொந்தம்?" என்றாள் பின்னாலிருந்த ஒரு பெண். "நம்ம தோட்டத்து மொதலாளியும் சீமையிலதானே இருக்காரு" என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது. அப்போதே நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

பிறகு பாதிரிமார்கள், சிதறிக் கிடந்த வீடுகளையெல்லாம் கோயில் மணிச் சத்தம் கேட்கும் தூரத்துக்குக் கொண்டுவந்ததைச் சொன்னேன். ஞானஸ்நானம் கொடுக்கவும் வசதி, வரி வாங்கவும் வசதி. பிள்ளைகள் ஜன்னல் வழியாக முள்வேலியைப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் நெல்லாகவும் துணியாகவும் வரி கட்டியதையும், வயலை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்க் கப்பலுக்கு மரம் வெட்டிச் சுமந்ததையும் சொன்னேன். அந்தக் கப்பல்கள் சீனத்துப் பட்டை ஏற்றிக்கொண்டு பெருங்கடலைத் தாண்டி மெக்சிகோவுக்குப் போய், வெள்ளிக்காசு மூட்டைகளோடு திரும்பி வந்தன. மரம் வெட்டியவன் வீட்டுக்குப் பட்டும் வரவில்லை, வெள்ளியும் வரவில்லை. ஒரு கவர்னர், இவர்கள் பெயரெல்லாம் குழப்பமாக இருக்கிறது என்று ஒரு பெரிய பெயர்ப் புத்தகம் அச்சடித்து, ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்து, இதிலிருந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சில ஊர்களில் எல்லார் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குமாம். அதைக் கேட்டு நீங்கள் ஒரு நாள் முழுக்க ஒருவருக்கொருவர் பெயர் மாற்றி வைத்துக்கொண்டு திரிந்தீர்கள்.

கடைசியில் வந்தது சீட்டு. பெரியவர்கள் ஒவ்வொருவரும் வரி கட்டியதற்கு ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும், கேட்கும்போது காட்ட வேண்டும், காட்ட முடியாதவனுக்குத் தண்டனை. இந்த அநியாயங்களைக் கதையாக எழுதிய ஒரு டாக்டரைப் பிற்பாடு நிற்க வைத்துச் சுட்டார்கள். சாதாரண ஜனங்கள் ரகசியமாக ஒரு சகோதரர் சங்கம் சேர்த்தார்கள். ஒரு நாள் மணிலாவுக்கு வெளியே ஓரிடத்தில் கூடி, மடியிலிருந்த சீட்டை எடுத்து, இனி நாங்கள் யாருக்கும் அடிமையில்லை என்று கிழித்துப் போட்டார்கள். இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. பழைய பத்திரிகைத் தாளைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தேன். ஆளுக்கு ஒன்று கொடுத்து, "எழுந்து நில்லுங்க, கிழிங்க" என்றேன். பெஞ்சின் மேலேயே ஏறி நின்று கிழித்தவன் நீ. பிறகு என்ன ஆயிற்று என்று எல்லாரும் கேட்டீர்கள். ஸ்பெயின் தோற்றதும், போகிற போக்கில் தீவுகளை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டுப் போனதும் அடுத்த வாரப் பாடம் என்றேன். அந்தப் பாடத்தை நான் நடத்தவே இல்லை.

சூசையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டை ஒட்டிய லயத்தில் முதல் வீடு அவருடையது. பால்வெட்டுக்காரர். நாகப்பட்டினத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். அவருக்கும் மரியாயிக்கும் பிள்ளை இல்லை. நீ பள்ளிக்கூடம் விட்டதும் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அங்கேதான் போவாய். தஞ்சோங் டாவாய் கடற்கரையிலிருந்து வரும் நெத்திலியை வறுத்து, மரவள்ளிக்கிழங்கோடு உனக்கென்று எடுத்து வைத்திருப்பாள் மரியாயி. சூசை உன்னை "சின்ன வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார். அவசரகாலத்துக்கு முன்பு தோட்டத்தில் தொழிற்சங்கம் இருந்தபோது, கூலி உயர்வு கேட்டுத் துரையின் பங்களாவுக்குப் போன சிலரில் அவரும் ஒருவர். அது யாருக்கும் மறக்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சூசை கண்ணயர்ந்திருந்தார். பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் பின்னால் பிள்ளைகள் சீட்டுக் கிழிக்கிற விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நீதான் தலைவன். தலைவனுக்குப் பத்திரிகைத் தாள் போதவில்லை. அந்தோணியார் படத்துக்குப் பின்னால் சூசை தன் அட்டையைச் செருகி வைப்பது உனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டு போய், எல்லாருக்கும் முன்னால் கிழித்தாய். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாய். "அப்பா, இது நெசச் சீட்டு" என்று உள்ளங்கையை விரித்தாய். அவர் முகத்தில் பாதியும், கட்டைவிரல் ரேகையின் ஓரமும் அதில் தெரிந்தன. நான் தட்டிக்கொடுப்பேன் என்று நினைத்தாய். ஏன் நினைக்க மாட்டாய்? கிழிக்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே. கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வா என்று உன்னைத் துரத்தினேன். இதுவரைதான் உனக்குத் தெரியும்.

தெரியாததைச் சொல்கிறேன். உன் அம்மா சொன்னாள்: "புள்ளைய அடிச்சது போதும். துண்டுங்கள ஒரு தாள்ல ஒட்டி சூசையண்ணன்கிட்டக் குடுங்க. ரெண்டு பேருமா ஆபீஸ் கிராணிகிட்டப் போயி, பையன் தெரியாம கிழிச்சிட்டான்னு சொல்லிடுங்க." அவள் சொன்னதுதான் சரி. அது சரி என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முன் ஒருத்தியின் அட்டையை ஆடு கடித்துவிட்டபோது மனு எழுதிக் கொடுத்தவனே நான்தான். ஆடு விட்ட மிச்சத்தைக் காட்டினாள், திட்டு வாங்கினாள், வேறு அட்டை வந்தது. கிழிந்த அட்டை யாரையும் கப்பலேற்றாது, தம்பி. காணாமல் போன அட்டைதான் கப்பலேற்றும். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள், ஏனென்றால் உன் வாழ்க்கை முழுவதும் இது தெரியாமல்தான் நீ தவித்தாய்.

தெரிந்தும் ஏன் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை? அடுத்து வரப்போகும் கேள்விதான் காரணம். இத்தனூண்டு பையனுக்கு அட்டையைக் கிழிக்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். அட்டை கிழிப்பது காட்டுக்காரர்கள் செய்கிற வேலை. வாத்தியார்தான் எங்களை நிற்க வைத்துக் கிழிக்கச் சொன்னார் என்று பிள்ளைகளே சொல்லிவிடும். ஏழு வயதுப் பையனை யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. மாட்டிக்கொள்ளப் போனவன் நான். என் வேலை, நாம் குடியிருந்த சிமென்ட் தரை வீடு, என் தோல். அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. துண்டுகளை அடுப்பில் போட்டேன். கீழே விழுந்த ஒன்றையும் பொறுக்கிப் போட்டேன். "என்னங்க பண்றீங்க" என்றாள் உன் அம்மா. "வாய மூடு" என்றேன். அவளிடம் அப்படி நான் பேசியது அதுவரை இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் பட்டாளத்து லாரிகள் வந்துவிட்டன. யாரும் எதிர்பார்க்கவில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லாரையும் உட்கார வைத்து அட்டை பார்த்தார்கள். வாத்தியார், கிராணி என்று எங்களைப்போல் ஸ்டாப் வீட்டுக்காரர்கள் அந்த வெயிலில் உட்கார வேண்டியதில்லை. போலீஸ்காரர் வீட்டு வாசலில் வந்து மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போவார். அட்டை வீட்டில் இருக்கிறது என்று சூசை சொல்லி, ஒரு போலீஸ்காரரோடு வந்து படத்துக்குப் பின்னால் தேடினார். இல்லை. மத்தியானம் நீ உள்ளே வந்துபோனது மரியாயிக்கு நினைவு வந்திருக்கிறது. ஓடி வந்தாள். "சார், தம்பி எடுத்துச்சா கேளுங்க. கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, துண்டக் காட்டுனாப் போதும்னு கிராணி சொல்றாரு. கொஞ்சம் பாருங்க சார்" என்றாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: "எம் பையன் அப்படியெல்லாம் எடுக்க மாட்டான். அவனப் பத்தி எனக்குத் தெரியும்." தலை துவட்டாமல் வந்து கதவுக்குப் பின்னால் நின்ற உன் காதில் விழுந்தது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான். அவள் உன் வீங்கின கன்னத்தைப் பார்த்தாள், அடுப்படிப் பக்கம் பார்த்தாள், திரும்பிப் போனாள்.

சூசையை லாரியில் ஏற்றினார்கள். சில நாள் கழித்து ஓர் அதிகாரி பள்ளிக்கூடத்துக்கே வந்து, கிராணியை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, சூசை எப்படிப்பட்ட ஆள் என்று என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், காட்டுக்காரர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நான் அவ்வளவா பழகறதில்லைங்க" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமைவரை அவர் வீட்டு நெத்திலியைத் தின்று வளர்ந்தவன் நீ. பழைய சங்கக்காரர், அட்டையைக் காட்டுக்குக் கொடுத்தவர், இந்தியாவில் பிறந்தவர் என்று முடிவு கட்டி, பல மாதம் அடைத்து வைத்துவிட்டுப் பினாங்கிலிருந்து கப்பலேற்றினார்கள். மரியாயியும் கூடப் போனாள். "சூசை மாமா எப்ப வருவாங்க?" என்று நீ கேட்டபோது உன்னை மடியில் இழுத்து வைத்து, "யார்கிட்டயும் வாயத் தொறக்காத. அப்பா பாத்துக்கறேன்" என்றேன். நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாய். அந்த நிமிஷத்திலிருந்து உனக்கு நான் தெய்வமாகிவிட்டேன். அது எனக்குத் தெரியும். அதை நான் அனுபவித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ மாறிப்போனதைப் பார்த்தேன். பெஞ்சின் மேல் ஏறி நிற்கிற பையன் அதற்குப் பிறகு வகுப்பில் கையே தூக்கவில்லை. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் தேதி கிழிப்பதற்குப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், நீ அதன் பக்கத்திலேயே போக மாட்டாய். இன்றுவரை கடித உறையைக் கத்தி வைத்துத்தான் பிரிக்கிறாய். பெரியவனானதும் எனக்கு இன்னும் பணிந்து போனாய். சரித்திரம் படிக்க ஆசைப்பட்டாய், அது சோறு போடாது என்றேன், விவசாயம் எடுத்தாய். அலோர் ஸ்டாரில் உன்னோடு வேலை பார்த்த அந்தப் பெண்ணை அழைத்து வந்து காட்டினாய். நான் வாயால்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை, முகத்தைத் திருப்பினேன், அவ்வளவுதான். அடுத்த வாரமே "நீங்க பாக்கற பொண்ணு போதும்ப்பா" என்றாய். உன் மனைவி தங்கமானவள், அது வேறு. ஆனால் உன்னைத் தடுத்தது என் சொல் அல்ல, நீ பட்டதாக நினைத்த கடன். அந்தக் கடன் பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வாங்கிக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள், "வாத்தியார் புள்ள வளத்தா இப்படி வளக்கணும்" என்று சொல்லும்போது வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பகுதியை நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை. பரந்து கிடந்த அத்தனை தீவுகளையும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஸ்பெயின்காரர்கள் எப்படி இத்தனை காலம் ஆண்டார்கள் என்று உங்களில் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஊருக்கு ஊர் இருந்த பழைய தலைவர்களையே அவர்கள் வரி வசூலிக்க வைத்துக்கொண்டார்கள். அப்படி வசூலித்துக் கொடுத்தவர்களுக்கு வரி கிடையாது, மரம் வெட்டும் வேலையும் கிடையாது. தங்கள் ஜனங்கள் மரம் சுமந்து போவதை அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்தபோது பக்கத்தைத் தள்ளிவிட்டேன். கதையில் வந்த ராஜாவையும் பாதிரிமார்களையும் யார் என்று பிள்ளைகள் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தத் தலைவர்களைச் சொல்லியிருந்தால் என்னையும் கண்டுபிடித்திருப்பார்கள். நீ அங்கே போனால் உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் இந்தப் பகுதியைக் கேள். நான் அரைகுறையாகச் சொன்ன கதையை அவர்கள் முழுதாகச் சொல்வார்கள். போகலாமா என்று என்னிடம் கேட்காதே. உன் மனைவியிடம் கேள், உன் பிள்ளைகளிடம் கேள். எனக்கு அந்த உரிமை எப்போதும் இருந்ததில்லை.

நீ வந்துபோனதற்கு மறுநாள் மத்தியானம் நான் மெர்போக்குக்குப் பஸ் ஏறினேன். சூசையின் தம்பி அருளப்பன் அங்கே தோட்டத்துக்கு வெளியே, கிராமத்தில், கம்பத்து வீட்டில் இருக்கிறார். அவரும் பால்வெட்டிக் காலத்தைத் தள்ளியவர்தான். காட்டுக்கு அட்டை கொடுத்தவன் குடும்பம் என்று அவர் பெண்களுக்கு மாப்பிள்ளை அமைவதே பெரிய பாடாக இருந்தது. அந்தப் பெண்கள் எல்லாரும் என்னிடம் படித்தவர்கள். வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. நான் முடித்ததும், "தெரியும் லா சார்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "அண்ணி அன்னிக்கே வந்து சொன்னாங்க. ஒங்க அடுப்படியில போட்டோ எரிஞ்ச நாத்தம் அடிச்சிச்சாம்" என்றார்.

பிறகு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "உள்ள இருந்தப்ப பாக்கப் போனோம், அண்ணந்தான் வேணாம்னாரு. வாத்தியாரையும் புடிச்சிட்டுப் போயிட்டா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க, அப்பறம் புள்ளைங்க எல்லாம் பால் புடிக்கற கொட்டாங்கச்சி கழுவப் போவும்னாரு" என்றார். நான் கை கூப்பினேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் தீனிச் சட்டியைக் கீழே வைத்தார். "கப்பல் ஏறறப்ப பார்க்கப் போனேன். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. சின்ன வாத்தியாரு, தன்னாலதான் மாமா போறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கும், அது இல்லன்னு யாராச்சும் சொல்லிடுங்கன்னாரு. நாங்க எப்படி சார் சொல்றது? சொன்னா அவங்கப்பனக் காட்டிக் குடுக்கணும்லா. நீங்களே சொல்லியிருப்பீங்கன்னு இருந்துட்டோம். சொல்லிட்டீங்கதானே?"

இல்லை என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்திலும் ஊரிலும் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. "அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? போயி மொதல்ல அவன்கிட்டச் சொல்லுங்க. எங்ககிட்ட அப்பறமா வரலாம்" என்று சொல்லிவிட்டுக் கோழிகளைக் கூண்டுக்கு விரட்ட ஆரம்பித்தார். நான் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

அப்பா